ஹைட்ரஜன் முதலில் உர ஆலைக்குப் போகட்டும்

2024 பிப்ரவரியில் ஷெல் நிறுவனம், கலிஃபோர்னியாவில் கார்களுக்காக நடத்திவந்த ஏழு ஹைட்ரஜன் நிலையங்களையும் நிரந்தரமாக மூடுவதாக அறிவித்தது. அதற்குச் சில மாதங்கள் முன்பே அங்கே ஒரு கிலோ ஹைட்ரஜனின் விலை 36 டாலரைத் தொட்டிருந்தது. டொயோட்டா மிராய் காரின் தொட்டி நிறைய ஐந்தரைக் கிலோவுக்கு மேல் வேண்டும். ஒரு முறை நிரப்ப 200 டாலர் ஆனது. காருடன் டொயோட்டா கொடுத்த 15,000 டாலர் எரிபொருள் அட்டை தீர்ந்தவர்கள், வாங்கிய காரை ஓட்டவும் முடியாமல் நல்ல விலைக்கு விற்கவும் முடியாமல் தவித்தார்கள்.

இதை ஒரு தனியார் நிறுவனத்தின் தோல்வியாக மட்டும் பார்க்க முடியாது. அரசு முன்னின்று, பொதுப் பணம் போட்டு வளர்த்த திட்டம் இது. 2003 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றத்தில் உரையாற்றிய ஜார்ஜ் புஷ், ஹைட்ரஜன் கார் ஆராய்ச்சிக்கு 120 கோடி டாலர் கேட்டார். அன்று பிறக்கும் குழந்தை ஓட்டப்போகும் முதல் கார் ஹைட்ரஜனில் ஓடக்கூடும் என்றார். மறு ஆண்டு கலிஃபோர்னியா ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நேகர் ‘ஹைட்ரஜன் நெடுஞ்சாலை’ அமைக்க ஆணையிட்டார். 2013இல் ஒரு சட்டம், 100 நிலையங்கள் வரும்வரை ஆண்டுக்கு 2 கோடி டாலர் வரை ஒதுக்க வழிசெய்தது. இத்தனைக்கும் பிறகு கலிஃபோர்னியாவில் விற்ற ஹைட்ரஜன் கார்கள் ஏறக்குறைய 18 ஆயிரம். அதே மாநிலத்தில் செருகி மின்னேற்றும் வண்டிகளின் அதுவரையிலான மொத்த விற்பனை 2023இல் 15 லட்சத்தைக் கடந்தது.

ஜப்பானிலும் இதே நிலைதான். 2020க்குள் 40 ஆயிரம் ஹைட்ரஜன் கார்கள் என்று அந்நாட்டு அரசு இலக்கு வைத்தது. கால் பங்குகூடத் தேறவில்லை.

தொழில்நுட்பம் கோளாறானது என்று யாரும் சொல்ல முடியாது. மிராய் அருமையான கார். ஐந்தே நிமிடத்தில் தொட்டி நிரம்பும், அறுநூறு கிலோமீட்டர் ஓடும், புகைக்குழாயில் நீர் மட்டுமே வரும். சிக்கல் மின்சாரக் கணக்கில் இருக்கிறது. தண்ணீரைப் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 55 யூனிட் மின்சாரம் வரை செலவாகும். அதைக் காற்றழுத்தத்தைப் போல் 700 மடங்கு அழுத்தித் தொட்டியில் ஏற்ற மேலும் சில யூனிட்டுகள் வேண்டும். பிறகு காருக்குள் இருக்கும் எரிபொருள் கலம் அதை மறுபடியும் மின்சாரமாக்கித்தான் சக்கரத்தைச் சுழற்றுகிறது. இவ்வளவும் செய்து கிடைப்பது நூறு கிலோமீட்டருக்குச் சற்று கூடுதலான ஓட்டம். அதே 55 யூனிட்டை நேரே பேட்டரியில் ஏற்றினால் ஒரு சாதாரண மின்சாரக் கார் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் போகும். எவ்வளவு மானியம் கொட்டினாலும் இந்த மூன்று மடங்கு இடைவெளியை அடைக்க முடியாது.

இந்தியா இப்போது இந்தக் கணக்கைக் கையில் வைத்துக்கொண்டு முடிவெடுக்கும் இடத்தில் நிற்கிறது. 2022 மார்ச்சில் அமைச்சர் நிதின் கட்கரி மிராய் காரில் நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, அடுத்து நம் தெருக்களிலும் ஹைட்ரஜன் கார் ஓடும் என்ற எதிர்பார்ப்பு கிளம்பியது. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாயில் தேசிய பசுமை ஹைட்ரஜன் இயக்கத்துக்கு மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்தது. 2030க்குள் ஆண்டுக்கு 50 லட்சம் டன் உற்பத்தி என்பது இலக்கு. இந்த இயக்கத்தின் கீழ் 2025இல் அனுமதிக்கப்பட்ட சோதனை ஓட்டத்தில் 37 வண்டிகளும் ஒன்பது நிரப்பு நிலையங்களும் உள்ளன. அந்த வண்டிகள் எல்லாமே பேருந்துகளும் லாரிகளும்தான். பாரம் சுமந்து நெடுந்தூரம் போகும் வண்டிகளில் பேட்டரியின் எடை ஒரு சுமை என்பதால் அங்கே சோதித்துப் பார்ப்பதில் நியாயம் உண்டு. கார்களைச் சேர்க்காமல் விட்டது சரியான முடிவு.

ஹைட்ரஜன் நமக்குப் புதிதல்ல. எண்ணெய் சுத்திகரிப்பு ஆலைகளும் உர ஆலைகளும் ஆண்டுதோறும் பல லட்சம் டன் பயன்படுத்துகின்றன. அதில் பெரும்பகுதி இயற்கை எரிவாயுவிலிருந்து எடுக்கப்படுவது. ஒரு கிலோவுக்கு ஒன்பது கிலோ அளவுக்குக் கரியமில வாயு வெளியேறுகிறது. நாட்டுக்குத் தேவையான எரிவாயுவில் ஏறத்தாழ பாதி இறக்குமதி. உக்ரைன் போரால் உலகச் சந்தையில் எரிவாயுவும் உரமும் விலையேறிய 2022-23இல் நம் உர மானியம் இரண்டரை லட்சம் கோடி ரூபாயைத் தாண்டியது. ஹைட்ரஜனிலிருந்து செய்யப்படும் அம்மோனியாதான் உரத்துக்கு அடிப்படை; டி.ஏ.பி., காம்ப்ளக்ஸ் உரங்களுக்கான அம்மோனியாவையும் பெரும்பாலும் கப்பலில்தான் கொண்டுவருகிறோம்.

புதுப்பிக்கத்தக்க மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுக்கும் பசுமை ஹைட்ரஜன் முதலில் போய்ச் சேரவேண்டிய இடம் உர ஆலைதான். இங்கே பேட்டரி மாற்றாகாது, ஹைட்ரஜனே மூலப்பொருள். புதிதாக வாடிக்கையாளரைத் தேடவும் வேண்டாம், ஊர் ஊராக நிரப்பு நிலையம் கட்டவும் வேண்டாம். 2025இல் 13 உர ஆலைகளுக்காக ஆண்டுக்கு 7.24 லட்சம் டன் பசுமை அம்மோனியாவுக்கு நடந்த ஏலத்தில், ஒடிசாவின் பாரதீப் ஆலைக்கு கிலோ 55 ரூபாய் 75 காசுக்குத் தர ஒரு நிறுவனம் முன்வந்தது. இறக்குமதி விலையை எட்டிப்பிடிக்கும் தூரம்தான் இது.

தூத்துக்குடியில் பசுமை அம்மோனியா தயாரிக்க எல்லாமே கூடியிருக்கிறது. பசுமை ஹைட்ரஜன் மையங்களாக மத்திய அரசு தேர்ந்த மூன்று துறைமுகங்களில் வ.உ.சி. துறைமுகமும் ஒன்று. தென்மாவட்டங்களில் காற்றாலை மின்சாரம் இருக்கிறது. உர ஆலைகளும் அந்த ஊரிலேயே இருக்கின்றன.

கார்களுக்கான ஹைட்ரஜன் நிலையங்களுக்குப் பொதுப் பணம் கிடையாது என்று மத்திய அரசு வெளிப்படையாக அறிவிக்க வேண்டும். பசுமை அம்மோனியாவுக்கான அடுத்த சுற்று ஏலத்தை, கூடுதல் அளவில், தாமதமின்றி நடத்த வேண்டும்.