சொறிமீனுக்குச் சிறுநீரா?

பத்து பெரிங்கியிலோ தெலுக் பஹாங்கிலோ ஒரு பிள்ளையைச் சொறிமீன் கொட்டிவிட்டால் போதும், கரையில் நிற்பவர்களில் பாதிப் பேர் வைத்தியராகிவிடுவார்கள். "மூத்திரத்த ஊத்துங்க, சரியாயிடும்" என்று ஒரு குரல் கட்டாயம் எழும். நிபோங் திபாலிலிருந்து இரண்டாம் பாலம் ஏறிக் கடல் பார்க்கப் போகும் நம் குடும்பங்களிலும் இதை அடித்துச் சொல்ல ஒரு மாமா இருப்பார். படித்தவர்களையும் இது விடவில்லை. 1997-இல் 'பிரெண்ட்ஸ்' என்ற அமெரிக்கத் தொடர் இதை வைத்துச் சிரிப்புக் காட்டியது. பார்த்தவர்களில் பலர் மருத்துவக் குறிப்பாகவே எழுதி வைத்துக்கொண்டார்கள் போலும்.

பலன் இல்லை என்பதோடு போகாது, கெடுதலும் வரலாம். சொறிமீனின் இழைகளில் கண்ணுக்குத் தெரியாத பைகள் ஆயிரக்கணக்கில் உண்டு. ஒவ்வொன்றிலும் நஞ்சும் ஒரு சுருண்ட நூலும். தோலில் பட்டதும் நூல் பாய்ந்து குத்தும். கையில் ஒட்டிய இழையில் எல்லாப் பைகளும் வெடித்திருக்காது. உப்பில்லாத நீர் பட்டால் மிச்சமும் வெடிக்கக்கூடும். சிறுநீரின் உப்போ ஆளுக்கு ஆள் மாறும்; நிறையத் தண்ணீர் குடித்தவருடையது கிட்டத்தட்ட பைப்புத் தண்ணீர்தான். பைப்பில் கழுவுவதும் மணலை அள்ளித் தேய்ப்பதும் இதே ரகம்.

"எனக்குக் கேட்டுச்சே" என்பார்கள். பெரும்பாலான கொட்டுகளின் எரிச்சல் எதுவும் செய்யாவிட்டாலும் தானே தணியும். கடைசியாக எதை ஊற்றினோமோ, அது பேர் வாங்கிக்கொள்கிறது.

சாதாரண எரிச்சலோடு போனால் சரி. பினாங்குக் கடலில் பெட்டிச் சொறிமீனும் உண்டு. அதன் கொடிய வகைகள் சில நிமிடங்களில் இதயத்தை நிறுத்திவிடும். 2010-இல் லங்காவியில் ஒரு சுற்றுப்பயணி சொறிமீன் கொட்டி இறந்தார். அந்த நிமிடங்களிலா யாருக்குச் சிறுநீர் வருகிறது என்று தேடிக்கொண்டிருப்பது?

பெட்டிச் சொறிமீனின் வெடிக்காத பைகளை வினிகர் அடக்கிவிடும் என்று ஆஸ்திரேலிய மருத்துவர்கள் 1980-இலேயே காட்டிவிட்டார்கள். அரை நிமிடமாவது தாராளமாக ஊற்றி, பிறகு இழையை இடுக்கியால் எடுக்க வேண்டும். வினிகர் இல்லையா, கடல்நீரால் கழுவலாம். உள்ளே இறங்கிய நஞ்சை வினிகர் முறிக்காது. மூச்சுத் திணறினால் உடனே 999, மூச்சு நின்றால் நெஞ்சை அழுத்தும் முதலுதவி.

தாய்லாந்தில் பல கடற்கரைகளில் கம்பம் நட்டு வினிகர் போத்தல் வைத்திருக்கிறார்கள். நம்மூர் மளிகைக் கடையில் 'சூக்கா' ஒரு போத்தல் சில வெள்ளிதான். பாய், நாசி லெமாக், மாற்றுத்துணி எல்லாம் ஏறும் காரில் அதற்கு மட்டும் இடமில்லையா?