காற்றுக் குமிழிக்கு உட்கரு இல்லை

பருவத் தேர்வு முடிந்து விடைத்தாள் கட்டுகள் துறைக்கு வந்து சேரும் நாட்களில், ஆய்வு மாணவர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு திருவிழா தொடங்கிவிடும். ஒருவர் விடைத்தாளின் ஒரு பகுதியைப் படம் பிடித்துப் போடுவார். அடுத்த நிமிடமே சிரிப்புக் குறிகள் குவியும். இதைவிடச் சிறந்தது தம்மிடம் இருப்பதாக இன்னொருவர் களத்தில் இறங்குவார். உயிரியல் துறையில் இதற்குப் பஞ்சமே வந்ததில்லை.

சிலவற்றை நானும் சொல்லலாம். ஆண்டுதோறும் யாரோ ஒருவர் செய்துகொண்டேயிருக்கும் பிழைகள் என்பதால், இவற்றில் எவருடைய கையெழுத்தும் இல்லை. ஆங்கிலத்தில் 'ப்ராஸ்டேட்' என்று எழுத வேண்டிய இடத்தில் 'ப்ராஸ்ட்ரேட்' என்று எழுதுவோர் உண்டு. பின்னதற்கு நெடுஞ்சாண்கிடையாக விழுதல் என்று பொருள். ஒரே ஓர் எழுத்து கூடியதால் ஆணின் உடலில் பக்தி மிகுந்த சுரப்பி ஒன்று உருவாகிவிட்டது. நுண்ணோக்கியின் கண்ணருகு வில்லை 10 மடங்கு, பொருளருகு வில்லை 40 மடங்கு என்றால், மொத்த உருப்பெருக்கம் 400. இரண்டையும் கூட்டி 50 என்று எழுதுவோர் உண்டு. ஏரி நீரைப் பத்தாயிரம் மடங்கு நீர்த்து, அதில் ஒரு மில்லிலிட்டரை வளர்தட்டில் இட்டால் 30 காலனிகள் வளர்கின்றன என்று வைத்துக்கொள்வோம். பெருக்க வேண்டிய இடத்தில் வகுத்துவிட்டால், ஒரு மில்லிலிட்டர் ஏரி நீரில் 0.003 பாக்டீரியா இருப்பதாக விடை வரும். உண்மையில் இருப்பவை மூன்று இலட்சம். அந்த மாணவரின் ஏரியைக் காய்ச்சாமலே குடிக்கலாம்.

இவற்றுக்குச் சிரிப்பதில் எனக்கு மறுப்பில்லை. இருநூறு விடைத்தாள்களை ஒரே இருக்கையில் திருத்துபவருக்கு அந்தச் சிரிப்பும் இல்லையென்றால் தலைவலிதான் மிஞ்சும். ஆனால் சென்ற ஆண்டு நானே பகிர்ந்த ஒரு படத்தைப் பற்றி இன்று சொல்லியாக வேண்டும்.

நான் ஆய்வு செய்யும் வட இந்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை முதலாண்டு மாணவர்களுக்குச் செய்முறை வகுப்பு எடுக்கிறேன். அவர்களில் பலர் பள்ளிப்படிப்பை இந்தியில் முடித்தவர்கள். அன்றைய பாடம் நாம் அனைவரும் அறிந்ததுதான். வெங்காயத்தின் உட்புறத் தோலை உரித்து, சாஃப்ரனின் சாயமிட்டு, கவர் ஸ்லிப்பால் மூடி, நுண்ணோக்கியில் பார்த்து வரைய வேண்டும். கவர் ஸ்லிப்பை ஊசியால் தாங்கிச் சாய்வாக மெல்ல இறக்காவிட்டால் உள்ளே காற்றுக் குமிழி சிக்கிக்கொள்ளும். வெங்காயத்தின் செல்கள் செங்கல் அடுக்கியதுபோல் நீள்சதுரமாக இருக்கும். குமிழியோ வட்டமாக, கனத்த கரிய விளிம்போடு இருக்கும். புதிதாகப் பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது குமிழிதான்.

ஒரு மாணவி அந்தக் குமிழியை வரைந்திருந்தாள். விளிம்பின் கனம், உட்புறத்தின் ஒளி, ஓரத்தில் மங்கும் நிழல் என எதையும் விடவில்லை. மேலே 'வெங்காயச் செல்' என்று தலைப்பிட்டு, கீழே 'உட்கரு தெரியவில்லை' என்றும் குறித்திருந்தாள். நான் அதற்குப் பத்துக்கு இரண்டு மதிப்பெண் இட்டேன். படம் பிடித்து, 'உட்கருவைத் தொலைத்த வெங்காயம்' என்ற தலைப்போடு எங்கள் குழுவில் போட்டேன். அன்று மாலை வரை குழுவில் ஓயாத சிரிப்பு.

குழு என்பது சுவரில்லாத வீடு. இரண்டு வாரத்தில் அந்தப் படம் அவளுடைய வகுப்புத் தோழர்களின் கைபேசிகளுக்குப் போய்ச் சேர்ந்தது. அவள் என்னிடம் எதுவும் கேட்கவில்லை. அடுத்த வகுப்பிலிருந்து முன்வரிசையை விட்டுக் கடைசி மேசைக்குப் போய்விட்டாள்.

பருவ இறுதியில் அவளுடைய செய்முறைப் பதிவேடு திருத்தத்துக்கு வந்தது. வெங்காயச் செல்லை மறுபடி வரைந்திருந்தாள். செல்சுவர், உட்கரு, நுண்குமிழ்ப்பை எல்லாம் அம்புக்குறியோடு இருந்தன. எண்டோபிளாச வலைப்பின்னலும் ரைபோசோம்களும் கூட இருந்தன. வகுப்பிலுள்ள நுண்ணோக்கியில் ஏறத்தாழ 200 நானோமீட்டருக்கு உட்பட்ட விவரங்களைப் பிரித்தறிய இயலாது. ரைபோசோமோ 20 முதல் 30 நானோமீட்டர் அளவுடையது. எலக்ட்ரான் நுண்ணோக்கி இன்றி அதை எவரும் பார்த்ததில்லை. அந்தப் படத்துக்கு ஒன்பது மதிப்பெண் இட்ட பிறகுதான் என் கை நின்றது. மற்ற பதிவேடுகளையும் புரட்டினேன். பெரும்பாலானவற்றில் அதே படம், அதே ரைபோசோம்கள். சென்ற ஆண்டு மாணவர்களின் பதிவேடுகளிலும் அப்படியே.

அந்த வகுப்பு முழுவதிலும், தான் பார்த்ததை வரைந்தவள் அவள் ஒருத்திதான். பார்க்காததைப் பார்க்கவில்லை என்று எழுதியவளும் அவள்தான். தன் குமிழியைச் செல் என்று நம்பியது பிழை. ஆனால் குமிழிக்கு உட்கரு இல்லை என்பது மெய். அறிவியலின் முதற்பாடத்தை அறிந்திருந்தவளைச் சிரித்தே அதிலிருந்து விலக்கிவிட்டேன்.

இந்த இரு வகைப் பிழைகளும் நம் துறையின் வரலாற்றிலேயே உள்ளன. 1665-இல் ராபர்ட் ஹூக் தக்கையின் மெல்லிய சீவலை நுண்ணோக்கியில் பார்த்து, அவற்றைச் செல் என்று அழைத்தார். அவர் கண்டவை உயிரற்ற வெற்று அறைகளின் சுவர்களே. அவருடைய படத்திலும் உட்கரு இல்லை. உட்கருவுக்கு ராபர்ட் பிரவுன் பெயரிட 1831 வரை காத்திருக்க நேர்ந்தது. இந்தியில் திமிங்கிலத்தைப் பேச்சுவழக்கில் 'வேல் மச்லி', அதாவது வேல் மீன் என்பார்கள். அதனால் திமிங்கிலத்தை மீன் என்று எழுதும் மாணவரைக் கண்டு நகைக்கிறோம். லின்னேயஸும் 1735-இல் திமிங்கிலத்தை மீன்களோடுதான் சேர்த்திருந்தார். பாலூட்டிகளோடு சேர்த்தது 1758-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில். தம் பிழையைத் திருத்திக்கொள்ள அவருக்கு இருபத்துமூன்று ஆண்டுகள் கிடைத்தன. நம் மாணவருக்கு மூன்று மணி நேரம்.

மறுவகைப் பிழைக்கு மனிதக் குரோமோசோம்களின் எண்ணிக்கையே சான்று. 1923-இல் தியோஃபிலஸ் பெயின்டர் அதை 48 என்று அறிவித்தார். அடுத்த முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பாடநூல்கள் 48 என்றே சொல்லின. ஆய்வகங்களில் எண்ணிப் பார்த்தவர்களும் 48-ஐயே கண்டார்கள். 1956-இல் ஜியோவும் லெவானும் மேம்பட்ட முறையில் தயாரித்த செல்களில் எண்ணி, 46 என்று வெளியிட்டார்கள். பெயின்டரின் பிழையில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்றிருந்த முறையில் எண்ணுவது கடினம். புத்தகம் சொன்னதையே கண்ணும் கண்டது என்பதுதான் அச்சத்துக்குரியது. நம் மாணவர்களின் பதிவேட்டு ரைபோசோம்களும் அதே குடும்பத்தைச் சேர்ந்தவை. அவற்றைப் படம் பிடித்து எவரும் குழுவில் போடுவதில்லை. நாம் மதிப்பெண் கொடுத்துக்கொண்டிருக்கிறோம்.

ஆய்வு மாணவர்களாகிய நாம் பிழைக்கு அப்பாற்பட்டவர்களும் அல்லர். டி.என்.ஏ. எதிர்மின்னூட்டம் கொண்டது, நேர்மின்முனையை நோக்கி ஓடும் என்று வகுப்பில் முழங்கிய அதே வாரத்தில், மின்முனைகளை மாற்றிச் செருகி, மூன்று நாள் உழைப்பில் பிரித்தெடுத்த மாதிரியை ஜெல்லின் பின்புறமாக ஓடவிட்டுத் தொலைத்தவள் நான். என் வழிகாட்டி அதைப் படம் பிடிக்கவில்லை. கம்பிகளின் நிறத்தைப் பார்க்கச் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

ஆகவே என் தரப்பு இதுதான். பிழையைக் கண்டு சிரிக்கலாம். கையெழுத்தை அறையை விட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. விடைத்தாள் நம்மை நம்பி ஒப்படைக்கப்பட்டது. சிரித்து முடித்தபின், இந்த மாணவர் என்ன பார்த்தார், எப்படி இந்த முடிவுக்கு வந்தார் என்று ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். அவள் குமிழியை நான் ஊசி முனையால் மெல்ல அழுத்திக் காட்டியிருந்தால் போதும், அது நகர்வதை அவளே கண்டிருப்பாள். ஒரு நிமிட வேலை.

அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். "பரவாயில்லை மேம்" என்றாள். அவளுடைய படங்கள் இன்றும் புத்தகப் படங்களாகவே இருக்கின்றன.

இந்தப் பருவத்தில் புதிய மாணவர்களிடம், பதிவேட்டில் புத்தகப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தை வெறுமையாக விட்டு, அதில் நுண்ணோக்கியில் பார்த்ததை மட்டும் வரையச் சொல்லியிருக்கிறேன். மதிப்பெண் அந்தப் பக்கத்துக்குத்தான். முதல் வாரத்தில் ஒருவர் தம் கண்ணிமை முடியை வரைந்தார். மற்றொருவர் பக்கம் முழுவதையும் பென்சிலால் கறுப்பாக்கி, 'இருட்டாக இருந்தது' என்று எழுதியிருந்தார். போய்ப் பார்த்தேன். உண்மையாகவே இருட்டாகத்தான் இருந்தது. நுண்ணோக்கியின் கண்ணாடியை அவரையே வெளிச்சத்துக்குத் திருப்பச் சொன்னேன்.