காலணாவில் ஒரு குடியுரிமைப் பாடம்

உலக மனித உரிமைப் பேரறிக்கை 1948-இல் பிறந்தது. அதன் 19-ஆவது உறுப்பு கருத்துரிமையை, அதாவது செய்தியைத் தேடவும் பெறவும் பரப்பவும் எவருக்கும் உள்ள உரிமையை, உறுதிசெய்வதற்கு ஏறத்தாழ இருபது ஆண்டுகளுக்கு முன்பே, குற்றாலத்தை அடுத்த தென்காசியில் பிறந்த டி.எஸ். சொக்கலிங்கம் அதைச் செயலில் காட்டத் தொடங்கியிருந்தார். திருநெல்வேலி ஆட்சியர் ஆஷின் கொலை வழக்கில் தமையன் கைதானதால் பள்ளிப் படிப்பை இழந்த அவர், 1931-இல் 'காந்தி' இதழைக் காலணா விலையில், அன்றைய ரூபாயின் அறுபத்து நான்கில் ஒரு பங்குக்கு, விற்றார். 1934 செப்டம்பர் 11-இல், பாரதியின் நினைவுநாளில், தொடங்கிய 'தினமணி'யின் முதல் ஆசிரியராகி, ஆங்கிலம் அறியாதவரும் அரசாங்கத்தை எடைபோடும்படி எளிய தமிழில் தலையங்கம் எழுதினார். சொத்தும் கல்வித் தகுதியும் பார்த்தே வாக்குரிமை வழங்கப்பட்ட 1937 தேர்தலில் அவர் சட்டசபைக்குச் சென்றதைவிட, வாக்கே இல்லாத பெரும்பான்மையினரை நாள்தோறும் அரசியல் படிக்கவைத்ததே பெரிய தொண்டு. மக்களாட்சிக் காவலர்களைத் தொலைநாடுகளில் தேடும் பாடநூல்கள் இவரைக் கடந்துபோவது பெருங்குறை. 2019-இல் தனி மாவட்டமான தென்காசியின் பள்ளிகளிலேனும் அவருடைய தலையங்கங்கள் பாடமாக வேண்டும்.