ஆஜர்ப் பட்டியலில் விட்டுப்போன கோர்

கம்ப்யூட்டர் வாங்கப் போகிறவர்கள் முன்பெல்லாம் விலையைத்தான் முதலில் விசாரிப்பார்கள். இப்போது "எத்தனை கோர்?" என்று கேட்ட பிறகே விலைக்கு வருகிறார்கள். கேட்பதில் தவறில்லை. 2005-ஆம் வருஷத்தில் இன்டெல், ஏ.எம்.டி. கம்பெனியார் இரட்டைக் கோர் பிராஸஸர்களை வீட்டுக் கம்ப்யூட்டர்களுக்கென்று விற்க ஆரம்பித்தது முதல், யந்திரத்தின் தராதரத்தை இந்த எண்ணிக்கையைக் கொண்டே நிர்ணயிப்பது வழக்கமாகிவிட்டது. ஆனால் நாலு கோர் என்று பணம் கொடுத்து வாங்கிய பெட்டி, வீட்டுக்கு வந்ததும் ஒன்றை மட்டும் காட்டினால் வயிற்றைக் கலக்கத்தானே செய்யும்? "பிராஸஸர் போய்விட்டது, போர்டை மாற்றவேண்டும்" என்று ரிப்பேர்க்காரரும் சொல்லிவிட்டால் கேட்கவே வேண்டாம். பெரும்பாலும் போனது ஒன்றும் இராது என்பதே என் கட்சி.

நான் பள்ளிக்கூடத்து உபாத்தியாயன். ஆகவே பள்ளிக்கூடத்து பாஷையிலேயே சொல்கிறேன். மின்சாரம் பாய்ந்ததும் முதலில் ஒரே ஒரு கோர்தான் கண் விழிக்கிறது. மதர்போர்டில் குடியிருக்கும் பயாஸ் என்ற நிரல், இந்த யந்திரத்தில் இன்னின்ன கோர்கள் உள்ளன என்று ஒரு ஜாபிதா தயாரித்து வைக்கிறது. இதை ஏ.ஸி.பி.ஐ. அட்டவணை என்பார்கள். பிறகு வரும் இயங்குதளம் அதைப் படித்து, தூங்கும் மற்ற கோர்களை ஒவ்வொன்றாய் எழுப்பி வேலையில் அமர்த்துகிறது. ஆஜர்ப் பட்டியலில் பெயரில்லாத பையன் முதல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாலும் கணக்கில் சேரமாட்டான் அல்லவா? பட்டியல் எழுதியவர் பெயரை விட்டிருக்கலாம். படிப்பவர் பாதியில் நிறுத்தியிருக்கலாம். பட்டியலையே பார்க்கவேண்டாம் என்று யாரேனும் உத்தரவு போட்டிருக்கலாம்.

இந்த மூன்றாவது வகையை ஆவடியில் ஒரு வீட்டில் கண்டேன். 2011-ல் தொடங்கிய தமிழக அரசின் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த மடிக்கணினிகளில் ஒன்று அது. அவற்றில் பலவற்றில் விண்டோஸோடு, நம் சென்னை ஸி-டாக் நிலையத்தார் உருவாக்கிய 'பாஸ்' லினக்ஸும் இருந்தது நேயர்களுக்கு நினைவிருக்கலாம். அண்ணன் படித்து முடித்ததும் தங்கைக்கு வந்து சேர்ந்த அந்தக் கணினியில் யாரோ புதிய லினக்ஸ் ஒன்றை நிறுவிக் கொடுத்திருந்தார்கள். அன்று முதல் ஆமை வேகம். "வாத்தியார் ஸார், பிராஸஸரில் பாதி செத்துவிட்டதாம். புதிசு வாங்கச் சொல்கிறார்கள். இந்த வருஷம் காலேஜ் பீஸே கட்டி முடியவில்லை" என்றார் தகப்பனார்.

நான் இரண்டு கேள்வி கேட்டேன். பாட்டரி எவ்வளவு இருக்கிறது என்று திரையில் தெரிகிறதா? தெரியவில்லை. அணைக்கச் சொன்னால் தானாக அணைகிறதா? இல்லை, பொத்தானை அழுத்திப் பிடித்தால்தான் அணைகிறது. செத்துப்போன கோருக்கும் பாட்டரிக்கும் என்ன சம்பந்தம்? பாட்டரி, மின்சாரத்தை நிறுத்துவது, கோர்களின் ஜாபிதா எல்லாமே ஏ.ஸி.பி.ஐ. இலாகாவைச் சேர்ந்தவை. டெர்மினலில் எல், எஸ், ஸி, பி, யு என்ற ஐந்து எழுத்துக்களைச் சேர்த்து அடித்துப் பார்த்ததில் ஒரே ஸி.பி.யு. என்று வந்தது. இயங்குதளம் கிளம்பும்போது அதற்குக் கொடுக்கப்படும் கட்டளை வரியில் 'ஏஸிபிஐ ஈக்வல் ஆப்' என்ற வாசகம் கிடந்தது. லினக்ஸை நிறுவும்போது யந்திரம் நடுவில் நின்றுபோயிருக்க வேண்டும்; அதைத் தாண்டுவதற்காக அந்த இலாகாவையே மூடச் சொன்னவர், பிறகு திறக்க மறந்துவிட்டார்.

இந்த வரியை எடுத்தவுடனே நிரந்தரமாக நீக்கிவிடக் கூடாது. 'கிரப்' பட்டியல் தோன்றும்போது 'ஈ' எழுத்தை அழுத்தி, அந்த ஒரு முறைக்கு மட்டும் வாசகத்தை அழித்துவிட்டுக் கிளப்பிப் பார்க்கவேண்டும். சரியாக வந்தால் கிரப்பின் அமைப்புக் கோப்பில் திருத்தலாம். இரண்டு கோர்களும் வந்தன. பாட்டரிச் சின்னமும் வந்தது. லினக்ஸில் இதே போல் 'நோ எஸ்.எம்.பி.', 'மாக்ஸ் ஸிபியூஸ்' என்னும் வாசகங்களும் கோர்களைக் கட்டிப் போடக்கூடியவை.

விண்டோஸில் நடப்பது வேறு கூத்து. 'எம்எஸ்கான்பிக்' என்ற சாளரத்தில் பூட் பகுதிக்குள், பிராஸஸர்களின் எண்ணிக்கை என்று ஒரு சிறு கட்டம் உண்டு. அதில் எண்ணைக் கூட்டி வைத்தால் கணினி பறக்கும் என்று உபதேசம் செய்கிறவர்கள் அநேகர். அது வேகம் கூட்டும் கட்டமே அல்ல. பரிசோதனைக்காக எண்ணிக்கையைக் குறைக்கும் கட்டம். குறி இல்லாமல் விட்டால் எல்லாக் கோர்களும் வேலை செய்யும். குறி போட்டு ஒன்று என்று வைத்தால் ஒன்றுதான். குறியை எடுத்துவிட்டு மறுபடி கிளப்பினால் தீர்ந்தது.

பயாஸிலேயே கோர்களைக் குறைத்து வைக்கும் அமைப்பு சில போர்டுகளில் உண்டு. பழைய போர்டில் புதிய பிராஸஸரைப் பொருத்தினால், பயாஸைப் புதுப்பிக்கும் வரை கணக்குச் சரியாக வராமலும் போகலாம்.

முப்பத்திரண்டு பிட் விண்டோஸ் போட்டதால் கோர் குறைந்தது என்று சிலர் சொல்வது வீண் பழி. விண்டோஸ் 7-இன் அந்தப் பதிப்பே 32 கோர் வரை ஏற்கும். அது தடுமாறுவது நினைவகத்தில். ஆனால் இரண்டு தனித்தனிப் பிராஸஸர்கள் பொருத்திய பழைய கம்பெனி யந்திரத்தை வாங்கி, விண்டோஸ் 10 அல்லது 11 'ஹோம்' பதிப்பைப் போட்டால் பாதி கோர்கள் தெரியாது. அந்தப் பதிப்பு ஒரு பிராஸஸரைத்தான் ஒப்புக்கொள்ளும். 'புரோ' இரண்டை ஏற்கும். அம்பத்தூர், பூந்தமல்லிப் பக்கங்களில் செகண்ட் ஹாண்ட் யந்திரம் தேடுகிறவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

எண்ணுவதிலும் ஒரு சூட்சுமம் இருக்கிறது. ஐ3-1115ஜி4 பிராஸஸரில் கோர்கள் இரண்டுதான். ஒவ்வொன்றும் இரண்டு வேலைகளை ஒரே சமயத்தில் கவனிப்பதால் விண்டோஸ் நாலு லாஜிகல் பிராஸஸர் என்று காட்டும். இந்த நாலைச் சொல்லி 'நாலு கோர்' என்று விற்றால், வீட்டுக்கு வந்து தேடுகிற அந்த மற்ற இரண்டு கோர்கள் எந்த அமைப்பிலும் அகப்படப் போவதில்லை. கண்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் வரும் டாஸ்க் மானேஜரின் பெர்பார்மென்ஸ் பகுதியில் இரண்டு எண்ணிக்கைகளும் தனித்தனியே இருக்கும். பணத்தை எடுத்துக் கொடுக்குமுன் கடையிலேயே அதைத் திறந்து காட்டச் சொல்லலாம். அரை நிமிஷத்து வேலை.