ரெண்டு டிரைவ் பூட்டினால் ரெட்டை வேகமா?

இப்போது ஹாஸ்டலில் எங்கு பார்த்தாலும் ஒரே பேச்சுதான். "மச்சி, ஒரு எஸ்.எஸ்.டி. பத்தாதுடா. ரெண்டு வாங்கி ரெய்டு ஜீரோ போட்டா கம்ப்யூட்டர் பறக்கும்!" பறக்குமா? மெஸ் பில்லைத் தள்ளிப்போட்டு இரண்டாவது டிரைவ் வாங்கத் துடிக்கும் தோழர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

முதலில் ஒரு வரலாறு. 1988-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் ஆகிய மூவரும் ரெய்டு பற்றிய கட்டுரையை வெளியிட்டார்கள். பெரிய விலை டிஸ்க் ஒன்றுக்குப் பதிலாகச் சின்ன டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக்கொள்ளலாம். எண்ணிக்கை கூடினால் பழுதும் கூடும், ஆகவே ஒன்று போனாலும் தகவல் பிழைக்க வழி செய்ய வேண்டும் என்பது அவர்கள் வாதம். அதில் இருந்தவை 1 முதல் 5 வரையிலான வகைகள். ஜீரோ பிறகு ஒட்டிக்கொண்ட பெயர். பாதுகாப்பு ஜீரோ என்று அர்த்தம்! நம்மாட்கள் பிடித்துக்கொண்டது அதைத்தான்.

ரெய்டு ஜீரோ ஃபைலை, உதாரணமாக, 128 கே.பி. துண்டுகளாக நறுக்கி, இதில் ஒன்று அதில் ஒன்று என்று மாற்றி மாற்றி எழுதும். பெரிய வீடியோ ஃபைலைப் படிக்கும்போது இரண்டும் சேர்ந்து உழைக்கும். விநாடிக்குச் சுமார் 550 எம்.பி. தரும் சாட்டா டிரைவ் இரண்டு சேர்ந்தால் ஆயிரத்தைத் தாண்டும். இதை நான் மறுக்கவில்லை.

ஆனால் நாம் செய்கிற வேலை என்ன? விண்டோஸ் ஏற்றுவது, ஆட்டோகேட் திறப்பது, சி புரோகிராம் கம்பைல் செய்வது. இதிலெல்லாம் அதிகம் படிக்கப்படுவது 4 கே.பி. போன்ற குட்டித் துண்டுகள். அந்தத் துண்டு முழுசாக ஒரே டிரைவில் உட்கார்ந்திருக்கும். மற்றது சும்மா வேடிக்கை பார்க்கும். டீக்கடையில் ரெண்டு மாஸ்டர் நின்றால் நம்முடைய ஒரு டீ பாதி நேரத்தில் வந்துவிடுமா என்ன? கூட்டம் வரிசையில் நின்றால்தான் லாபம். வீட்டுக் கம்ப்யூட்டரில் அந்த வரிசை அபூர்வம்.

பி.சி.ஐ.இ. 3.0 என்.வி.எம்.இ. டிரைவ் ஒன்றே 3500 எம்.பி. வரை போகிறது, 4.0 என்றால் 7000. சரி, அதிலேயே ரெண்டு போடலாமே என்பீர்கள். போர்டைப் பாருங்கள். 2015-இல் வந்த ஸ்கைலேக் கால இன்டெல் போர்டுகளில் சிப்செட்டிலிருந்து பிராசசருக்குப் போகும் பாதையே விநாடிக்குச் சுமார் 4 ஜி.பி.தான். அந்தச் சந்துக்குள் ரெண்டு லாரி எப்படி நுழையும்?

என் உண்மையான கவலை வேறு. ரெய்டு ஜீரோவில் ஒன்று செத்தால் இரண்டும் செத்த மாதிரி. மிஞ்சிய டிரைவில் இருப்பது ஒன்று விட்டு ஒன்று கிழித்த நோட்டுப் புத்தகம். ஒரு டிரைவ் வருஷத்தில் பழுதாக நூற்றுக்கு இரண்டு வாய்ப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஜோடிக்கு அது கிட்டத்தட்ட நான்கு. பழைய ஹார்டு டிஸ்க் சாகுமுன் கடகடவென்று சத்தமாவது போடும். எஸ்.எஸ்.டி.யில் கன்ட்ரோலர் போனால், நேற்று ராத்திரி ஓடியது, காலையில் பயாஸிலேயே தெரியாது. கடைசி செமஸ்டர் பிராஜெக்ட் ரிப்போர்ட், டிராயிங், கோடு எல்லாம் அதில் இருந்தால்? வைவாவில் எக்ஸ்டர்னலிடம் "சார், ஸ்பீடா இருந்துச்சு சார்" என்றா சொல்வீர்கள்?

வீடியோ எடிட்டிங் செய்பவர், மூலப்பிரதியை வேறிடத்தில் வைத்துக்கொண்டு, தற்காலிக வேலைக்கு இதைப் போடட்டும். கற்றுக்கொள்ள ஆசையா? லினக்ஸில் ரெண்டு வெற்று ஃபைல்களை லூப் டிவைஸாக்கி, எம்.டி.ஏ.டி.எம். கட்டளையில் ரெய்டு கட்டிப் பாருங்கள். ஒன்றை அழித்தும் பாருங்கள். காலணா செலவில்லை!

இரண்டாவது டிரைவ் வாங்கியே தீருவேன் என்பவர் அதைத் தனியாக ஒரு யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு, சனிக்கிழமைதோறும் பிராஜெக்ட் ஃபோல்டரைக் காப்பி எடுத்து, கழற்றிப் பெட்டிக்குள் பூட்டிவிடுங்கள். ரெய்டு ஒன்று போட்டு ரெண்டிலும் ஒரே பிரதி வைத்தாலும் இந்தக் காப்பி வேண்டும். தூக்கக் கலக்கத்தில் டெலீட் அமுக்கினால் ரெண்டிலும் சேர்ந்தே போகும்.