தெற்றுப்பல்லும் பள்ளிப் பருவமும்

பற்கள் வரிசை தவறி முளைத்திருப்பதை அழகைப் பற்றிய செய்தியாக மட்டுமே கருதுவது நம் மக்களிடையே வழக்கமாக இருந்து வருகிறது. அதனால், பற்களுக்குக் கம்பி கட்டுவது செல்வர் வீட்டுப் பிள்ளைகளுக்கே உரிய ஆடம்பரம் என்ற எண்ணமும் வேரூன்றியுள்ளது. இவ்வெண்ணம் தவறானது என்பதே நமது கருத்து. இது உடல் நலத்தைச் சார்ந்தது. பள்ளி நலப் பணியில் இடம்பெற வேண்டியது.

பல், சுவரில் அறைந்த ஆணியைப் போன்றதன்று. பல்லின் வேருக்கும் தாடை எலும்புக்கும் இடையே மெல்லிய நார்த்திசு ஒன்று உள்ளது. மென்மையான அழுத்தம் தொடர்ந்து செலுத்தப்படுமாயின், அழுத்தப்படும் பக்கத்தில் எலும்பு கரைகிறது. மறுபக்கத்தில் புதிய எலும்பு வளர்கிறது. பல் மெல்ல நகர்கிறது. கம்பி செய்யும் வேலை இதுவே. ஏறத்தாழ 12, 13 வயதுக்குள் அறிவுப் பற்கள் நீங்கலாக 28 நிலைப்பற்களும் பொதுவாக முளைத்துவிடுகின்றன; தாடையின் வளர்ச்சியோ இன்னும் முடிவதில்லை. ஆகவே இப்பருவமே ஏற்றது. வயது வந்தோருக்கும் கம்பி கட்டலாம். ஆனால் தாடை வளர்ச்சியின் துணை அவர்களுக்குக் கிட்டாது. தாடைக் கோணல் மிகுதியாயின் அறுவை மருத்துவமும் தேவைப்படலாம்.

இதனால் விளையும் நன்மைகள் யாவை? எத்துப்பல் உடைய சிறுவன் விளையாட்டில் விழுந்தால் முன்பற்கள் உடையும் வாய்ப்பு அதிகம். அப்பற்களை உள்ளிழுப்பதால் அந்த வாய்ப்புக் குறைகிறது. நெருங்கிய பற்களைத் துலக்குவது கடினம். வரிசையான பற்களைத் துலக்குவது எளிது. கடிப்பதும் மெல்லுவதும் செம்மையுறும். கேலிக்கு அஞ்சி வாய் திறவாதிருந்த மாணவி வகுப்பில் கூசாமல் பேச முற்படுவதும் சிறு நன்மையன்று.

ஆயினும் கம்பி மட்டும் பற்சொத்தையைத் தடுத்துவிடாது. கம்பியின் இடுக்குகளில் உணவுத் துணுக்குகள் தங்கும். நாள்தோறும் செவ்வனே துலக்காவிடில் பற்களில் வெண்புள்ளிகள் தோன்றிச் சொத்தைக்கு வழிகோலும். சிகிச்சை பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு ஆண்டுகள் நீடிக்கும். அதன் பின்னும், மருத்துவர் தரும் தாங்கு கருவியை அணியாவிடில் பற்கள் பழைய இடத்தை நாடும். முன்பற்களின் இடைவெளியை மூடக் கருதித் தாமாகவே ரப்பர் வளையம் மாட்டிக்கொள்வது பெருந்தீங்கு. வளையம் ஈறுக்குள் நழுவி வேரை நோக்கி ஏறி, நல்ல பல்லையே இழக்கச் செய்யும்.

2013-ஆம் ஆண்டு தொடங்கிய தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ், நடமாடும் மருத்துவக் குழுக்கள் அங்கன்வாடிகளிலும் அரசுப் பள்ளிகளிலும் குழந்தைகளைப் பரிசோதிக்கின்றன. பல் நோய்களும் இதில் அடங்கும். சொத்தையோடு பல்வரிசையையும் நோக்குமாறு ஆசிரியர் அக்குழுவினரை வேண்டலாம். பாற்பல் விழாமலிருக்க அருகில் நிலைப்பல் முளைத்தல், கீழ்ப்பற்கள் மேற்பற்களுக்கு முன்னே நிற்றல், முன்பற்கள் துருத்தியிருப்பதால் இதழ்கள் மூடாதிருத்தல் ஆகியவற்றைக் கண்டறியக் கருவி எதுவும் வேண்டா. கூர்ந்து நோக்கும் கண் போதும். எப்படியும் விழும் பல்தானே எனப் பாற்பல்லின் சொத்தையைப் புறக்கணிக்கலாகாது என்பதைக் களப்பணியாளர்கள் தாய்மார்க்கு எடுத்துரைத்தல் வேண்டும். பாற்பல் காலத்திற்கு முன்பே விழுந்தால், பின்வரும் பல்லுக்குரிய இடம் குறுகிவிடும்.

எல்லாப் பிள்ளைகளுக்கும் கம்பி தேவையில்லை. எவருக்குத் தேவை என்பதைத் தகுதி பெற்ற பல் மருத்துவரே முடிவு செய்தல் வேண்டும். தேவைப்படும் பிள்ளையை உரிய வயதில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரிக்கோ மாவட்ட மருத்துவமனைக்கோ அனுப்பிவைப்பது நம் கடமையாகும்.