காதுக்கா, குரலுக்கா?

வீட்டில் கணிப்பொறி வைத்திருக்கும் மாணவர் எவரும் என்றேனும் ஒரு நாள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "சவுண்ட் கார்டை மாற்றிவிடலாமா?" திருமுல்கேரியிலும் லால் பஜாரிலும் குடியிருக்கும் நம் தமிழ் மாணவ நண்பர் சிலர் அண்மையில் என்னிடமும் இதைக் கேட்டனர். கணிப்பொறியைத் திறந்து மூடிப் பழகியவன் என்னும் ஒரே தகுதியால் எனக்குக் கிடைத்த பெருமை அது! அவர்களிடம் தனித்தனியே சொன்னதை இங்கே தொகுத்துச் சொல்கிறேன். உடன்பாடு இல்லாதவர்கள் மறுத்து எழுதட்டும், மகிழ்வேன்.

சவுண்ட் கார்டின் பிறப்பு வரலாற்றைச் சற்றே நினைத்துப் பார்ப்போம். 1981-ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனம் தன் கணிப்பொறியை விற்பனைக்குக் கொண்டுவந்தபோது, அதற்கு வாய்த்திருந்தது 'பீப்' என்று ஒலிக்கும் ஒரு சிறு ஒலிபெருக்கி மட்டுமே. 1987-இல் கனடா நாட்டின் கியூபெக்கிலிருந்து 'ஆட்லிப்' என்னும் அட்டை வந்தது. கணிப்பொறி இசைக்கத் தொடங்கிற்று. 1989-இல், தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூரில், சிம் வோங் ஹூ நிறுவிய கிரியேட்டிவ் நிறுவனம் 'சவுண்ட் பிளாஸ்டர்' என்னும் அட்டையை வெளியிட்டது. உலகமெங்கும் அதுவே பரவியது. ஏன்? ஆட்லிப் இசைக்க மட்டுமே தெரிந்தது. சவுண்ட் பிளாஸ்டரிலோ மைக் செருகவும் ஓர் இடம் இருந்தது. மனிதன் பேசினால் அது கேட்டுப் பதிந்துகொண்டது. இந்த வேறுபாட்டை நண்பர்கள் மனத்தில் இருத்த வேண்டுகிறேன்.

அந்நாளில் அட்டை இல்லையேல் ஒலி இல்லை. இந்நாளில் நிலைமை வேறு. 1997-இல் இன்டெல் நிறுவனம் வகுத்த 'ஏ.சி. 97' முறையும், 2004-இல் அது வகுத்த 'ஹெச்.டி. ஆடியோ' முறையும் ஒலிக்கான சில்லை மதர்போர்டின் மேலேயே குடியேற்றிவிட்டன. விளையாட்டுகளின் ஒலியை அட்டையே கணக்கிட்டுத் தரும் பழைய ஏற்பாட்டையும் 2007-இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்டா கைவிட்டது. ஆகவே, தனி அட்டை இல்லாமலே பெரும்பாலோர்க்குப் போதிய ஒலி கிடைக்கிறது.

ஆயினும் பெட்டியின்மேல் அச்சிட்ட எண்கள் நம்மை மயக்குகின்றன. நொடிக்கு 1,92,000 முறை! 32 பிட்! இவற்றைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. மனிதச் செவி கேட்கும் எல்லை ஏறத்தாழ 20,000 ஹெர்ட்ஸ். ஓர் அதிர்வைச் சிதையாமல் பிடிக்க, அதைப்போல் இரு மடங்குக்குச் சற்று மேலாக அளந்தால் போதும். அதனாலேதான் 1982-இல் விற்பனைக்கு வந்த இசைக் குறுந்தகட்டுக்கு நொடிக்கு 44,100 முறை என்று வகுத்தார்கள். அதன் 16 பிட்டுகள், மிக மெல்லிய ஒலிக்கும் மிக உரத்த ஒலிக்கும் இடையே 96 டெசிபல் இடைவெளி தருகின்றன. பாட்டுக் கேட்பதற்கு இவை நிறையப் போதும். மதர்போர்டிலுள்ள சில்லே இதற்கு மேலும் செய்கிறது.

இன்னொன்றையும் கவனியுங்கள். புளூடூத் ஹெட்போனில் கேட்கிறவர் எவ்வளவு விலை கொடுத்து அட்டை வாங்கினாலும் அவருக்குப் பயன் இல்லை. எண்ணை ஒலியாக மாற்றும் வேலை அந்த ஹெட்போனுக்குள்ளேயே நடக்கிறது. யு.எஸ்.பி. ஹெட்போனும் அத்தகையதே. மடிக்கணினியில் அட்டை செருகவே இடமில்லை. பழைய பி.சி.ஐ. அட்டை மலிவாகக் கிடைக்கிறதே என்று வாங்கி வந்தால், புதிய மதர்போர்டுகள் பலவற்றில் அதற்குரிய துளை இராது. கார்க்கானா வழியாகப் பார்க் லேனுக்குப் போய்ச் செனாய் டிரேட் சென்டரின் படிகளில் ஏறுமுன் இவற்றை எல்லாம் வீட்டிலேயே பார்த்துவிடுவது நலம். ஆற்றிலே போட்டாலும் அளந்து போட வேண்டுமன்றோ?

"அப்படியானால் எனக்கு இரைச்சல் கேட்கிறதே?" என்பார் ஒருவர். மவுஸை நகர்த்தும்போது 'உஸ்' என்று ஒலி வருமானால், கணிப்பொறிக்குள் ஓடும் மின்சாரத்தின் சலசலப்பு ஒலி வழியில் கலக்கிறது என்று பொருள். அதே பெட்டிக்குள் இன்னோர் அட்டையைச் செருகுவதைவிட, யு.எஸ்.பி. வழியாக வெளியே வைக்கும் சிறு கருவியே பெரும்பாலும் இதற்கு ஏற்ற மருந்து. அதற்கும் முன்னால், வேறொரு நல்ல ஹெட்போனை இரவல் வாங்கிக் கேட்டுப் பாருங்கள். குறை அட்டையில் அன்று, காதில் மாட்டியதில்தான் என்று பல வேளைகளில் தெரியவரும்.

இதுவரை சொன்னதெல்லாம் கேட்பதைப் பற்றி. இனிப் பேசுவதைப் பற்றிச் சொல்வேன். என் கட்டுரையின் நோக்கமே இதுதான்.

மதர்போர்டின் உண்மையான நலிவு மைக் செருகும் இடத்தில் இருக்கிறது. மைக் தரும் மின்னழுத்தம் வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்குதான். அதைப் பன்மடங்கு பெருக்கினால்தான் பதிய முடியும். பெருக்கும்போது இரைச்சலும் உடன் பெருகுகிறது. நல்ல கண்டென்சர் மைக்குகள் பலவற்றுக்கு 48 வோல்ட் மின்சாரம் ஊட்ட வேண்டும். அது மதர்போர்டால் ஆகாது. ஒரு மைக் செருகத்தக்க, 24 பிட்டில் பதியும் சிறிய யு.எஸ்.பி. ஆடியோ இன்டர்ஃபேஸ் இவ்வேலையைச் செவ்வனே செய்யும். சில ஆயிரம் ரூபாயைச் செலவிட ஒருவர் துணிந்துவிட்டால், அவர் அதைச் செலவிட வேண்டிய இடம் இதுவே என்பது என் துணிபு.

'நாம் என்ன பாடகர்களா?' என்று நகைக்க வேண்டா. சிக்கந்தராபாத்துத் தமிழரின் கதை நமக்குத் தெரியும். 1798-ஆம் ஆண்டு உடன்படிக்கைக்குப் பின் நிஜாம் நாட்டில் தங்கிய படை, சென்னை மாகாணப் படையிலிருந்து வந்தது. அப்படையோடும், பின்னர் ரயிலோடும், அலுவலகங்களோடும் நம் முன்னோர் இங்கே வந்தனர். எங்கள் வீட்டுப் பாட்டி தமிழில் கதை சொல்வார். காய்கறிக்காரர் விலை கூட்டிச் சொன்னால் 'நக்கோ' என்பார். அடுத்த வீட்டாரிடம் தெலுங்கில் நலம் கேட்பார். இம்மூன்றும் இழைந்த அந்தத் தமிழ் எந்தப் பாடநூலிலும் இல்லை. அவர் வாயில் இருக்கிறது. என் தம்பிக்கோ தமிழ் பேசினால் புரியும். எழுத்துக் கூட்டத் தெரியாது. உங்கள் வீடுகளிலும் நிலைமை இதுவே அன்றோ? நூலை மறுபடியும் அச்சிடலாம். மறைந்தவரின் குரலை மறுபடியும் எங்கே போய் வாங்குவோம்?

"கைப்பேசியில் பதிந்தால் போதாதா?" என்று கேட்பீர்கள். ஒன்றுமில்லாததற்கு அது ஆயிரம் மடங்கு மேல், இன்றே தொடங்குங்கள். ஆனால் கைப்பேசி பெரும்பாலும் இரைச்சலை நீக்குவதாக எண்ணிக்கொண்டு மெல்லிய குரலையும் சேர்த்து அரிந்துவிடும். கோப்பைச் சுருக்கியும் வைக்கும். பல்லில்லாத வாயிலிருந்து வரும் ழகரத்தையும் ளகரத்தையும் நாளை ஒருவர் பிரித்தறிய வேண்டுமானால், சுருக்காத பதிவு வேண்டும். நொடிக்கு 48,000 முறை, 24 பிட்டில், ஒற்றை வழியாகப் பதிந்தால் ஒரு மணி நேரத்திற்கு ஏறத்தாழ 518 மெகாபைட் ஆகும். இன்றைய வட்டில் அது ஒரு பொருட்டே அன்று. மின்விசிறியை நிறுத்துங்கள், சன்னலைச் சாத்துங்கள், சுவரோரம் ஒரு மெத்தையை நிமிர்த்தி வையுங்கள், மைக்கை வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி வையுங்கள். இவ்வளவே வித்தை.

எல்லா மாணவரும் கருவி வாங்க இயலாது, வாங்கவும் வேண்டா. நம் சங்கமே ஒரு இன்டர்ஃபேஸும் ஒரு மைக்கும் வாங்கி, நூலகத்தில் நூல் இரவல் தருவதுபோல் உறுப்பினர்க்கு வாரம் ஒருவராக இரவல் தரலாம். ஆண்டு விழாவின் மாலைகளில் இரண்டைக் குறைத்தாலும் அதற்கொரு தொடக்கம் ஆகும். பதிந்தவற்றை ஊர், ஆண்டு, பேசியவரின் இசைவு ஆகிய குறிப்புகளோடு சங்கத்தின் வட்டில் சேர்த்து வைப்போம். ஒரு படியை வேறோர் இடத்திலும் வைப்போம்.

விளையாட்டுக்காகவும் இசைக்காகவும் அட்டை வாங்குவோரை நான் குறை கூறவில்லை. அவரவர் பணம், அவரவர் காது. ஆனால் என் கருத்தைக் கேட்ட நண்பர்களுக்கு என் விடை இதுதான்: கேட்பதற்கு இருப்பதே போதும், பதிவதற்கு வாங்குங்கள். அடுத்த செயற்குழுக் கூட்டத்தில் இதனைத் தீர்மானமாகவே கொண்டுவர இருக்கிறேன். வழிமொழிய வாருங்கள்.